கெட்டித்திருக்கிறதா, காலியா? பழந்துப்பாக்கி கேள்வி – பதில்

வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றி மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் உரிமத்தைப் பற்றிச் சொல்லாமலே எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

மேலூர்: பழைய மச்சு வீட்டைப் பிரித்தபோது பரணில் சாக்குக்குள் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. தாத்தா காலத்தது என்கிறார்கள். குதிரை (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தியல்) மடங்கியே இருக்கிறது. உள்ளே மருந்து இருக்குமா? இருந்தாலும் இத்தனை வருசத்தில் கெட்டுப் போயிருக்காதா?

கெட்டுப் போயிருக்காது. கருமருந்தில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட், கரி, கந்தகம். வயதானால் சிதைந்து போகிற சரக்கு எதுவும் அதில் இல்லை. மருந்தின் மேல் அடைத்த தக்கை இறுக்கமாக இருந்து ஈரம் புகாமல் கிடந்தால் நூறு வருசம் கழித்தும் வெடிக்கும். இரவில் பன்றி வரும் என்று கெட்டித்து மூலையில் சாத்தி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் பரணில் கிடைக்கும் துப்பாக்கியைக் கெட்டித்ததாகவே எண்ண வேண்டும்.

முதலில் குதிரையைப் பாருங்கள், தொடாதீர்கள். குதிரைக்கு அடியில் நிப்பிள் (குழலுக்குள் தீ போகும் துளையுள்ள சிறு முனை) மேல் செம்புக் கேப்பு (அடித்தால் பொறி கிளப்பும் சிறு மூடி) ஒட்டியிருந்தால் எந்த வேலையும் செய்ய வேண்டாம். துரு ஏறிய கேப்பு ஒரு தட்டு தட்டினாலே வெடிக்கலாம். வாயை மணல் மூட்டை பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கேப்பு இல்லை என்றால் ஒரு சோதனை போதும். குழலுக்குள் தடையில்லாமல் நுழையும் நேரான மரக்குச்சி ஒன்றை எடுங்கள். மூங்கில் வேண்டாம், உள்ளே சிம்பு உடைந்து நிற்கும். முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். முட்டிய இடத்தில், குழல் வாயின் விளிம்புக்கு நேராகக் குச்சியில் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு வாய் விளிம்பில் இருக்கும்படி குழலின் வெளிப்பக்கமாகக் கிடத்துங்கள். குச்சியின் நுனி நிப்பிள் வரை, கல் துப்பாக்கியானால் (கல் உரசிய பொறியில் சுடுவது) பற்றுவாய் என்ற பக்கத் தீத்துளை வரை வந்தால் குழல் காலி. அதற்கு முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பன்னிரண்டு போர் (வாய் அகலம் 18.5 மி.மீ.) குழலில் ஒரு முறை கெட்டித்த மருந்து, தக்கை, ரவை (சிறு ஈயக் குண்டுகள்), மூடு அட்டை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் வரும். குச்சி அந்த அளவுக்குக் குறைந்து நின்றால் ஒரு கெட்டிப்பு. 10 செ.மீ. குறைந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. குளவிக் கூடும் எலி வளையும் இதே கணக்கைக் காட்டும். எது என்று குத்திப் பார்க்க வேண்டாம்.

எடுக்கும் வேலை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவருடையது. பற்றுவாய் வழியே தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவைப்பார், பிறகு கம்பி நுனியில் திருகு மாட்டித் தக்கையைக் கொத்தி இழுப்பார். நனைந்த மருந்து வெடிக்காது என்பது சரி, ஆனால் காய்ந்தால் மறுபடி உயிர் பெறும். தண்ணீர் ஊற்றியாயிற்று என்று விட்டுவிட்டுப் போவதுதான் இதில் மோசமான வேலை. குழலின் அடியை மூடும் திருகைச் சூடு காட்டிக் கழற்றுவது, டிரில் போடுவது இரண்டும் கூடவே கூடாது.

இன்னொன்று. உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தாமதிக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, எப்படிக் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். சாக்கில் சுற்றிப் பேருந்தில் கொண்டுபோகிற வேலை வேண்டாம். நிலையத்திலிருந்து ஆள் வரச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி: அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கி உரிமம் இருந்தது. அவர் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் வீட்டில் வைத்திருப்பதை இன்றே நிறுத்துங்கள். உரிமம் அப்பாவோடு முடிந்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வைத்திருக்கும் தகுதி போனதும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த ரசீதை விண்ணப்பத்தோடு வைத்தால் ஆறு மாதத் தாமதத்துக்கும் ஓரளவு பதில் சொன்னதாகும்.

2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தருவதற்கு வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லா உறுதிமொழி, பழைய உரிமப் புத்தகம் இவற்றோடு விண்ணப்பியுங்கள். அப்பா அம்மா இருக்கும்போதே செய்ய நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருசம் வைத்திருந்தாலோ, அவரே வாரிசைக் குறித்துக் கொடுக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். உரிமக் காலமும் அப்போதுதான் மூன்று வருசத்திலிருந்து ஐந்து வருசமானது.

சோழவந்தான்: நூறு வருசத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே?

தப்பு. வயதை வைத்துச் சட்டம் விலக்குத் தரவில்லை. 45ஆம் பிரிவு விலக்குவது, பழைய மாதிரியோ தொல்பொருள் மதிப்போ உள்ள, அல்லது பழுதாகிப்போன, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்தை. ‘பழுது பார்த்தாலும்’ என்பதுதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். விசைவில் உடைந்திருக்கிறது, நிப்பிள் இல்லை என்பதெல்லாம் அரை நாள் வேலையில் சரியாகிவிடும். அது உரிமம் வேண்டிய துப்பாக்கிதான். சுவரில் மாட்டியிருப்பதாலும் விலக்குக் கிடையாது. பயன்படாது என்பதை உரிமம் வழங்கும் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவகங்கை: எங்கள் குடும்பத்தில் இருப்பது மருது பாண்டியர் படையில் இருந்த துப்பாக்கி என்று பரம்பரையாகச் சொல்வார்கள். பூட்டுத் தகட்டில் (குதிரை பொருத்திய பக்கத் தகடு) கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம் இருக்கிறது. குழல் நீளம் 39 அங்குலம், வாய் அகலம் 19 மி.மீ. குதிரை நிப்பிளில் அடிக்கிறது. தகட்டில் அடைத்த துளைகள் தெரிகின்றன. என்ன மதிப்பு வரும்?

நீங்கள் அளந்து எழுதியதால் பதில் சொல்ல முடிகிறது. ‘ரொம்பப் பழசு, படம் அனுப்பியிருக்கிறேன்’ என்று எழுதுகிறவர்களுக்கு இதுவே முன்மாதிரி.

39 அங்குலக் குழலும் முக்கால் அங்குல வாயும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்த இந்தியா மாதிரித் துப்பாக்கியைக் காட்டுகின்றன. ‘பிரவுன் பெஸ்’ என்ற பிரிட்டிஷ் கல் துப்பாக்கி வகையின் குட்டைக் குழல் உருவம் அது. 1790களில் பிரிட்டிஷ் ராணுவமும் இதையே எடுத்துக்கொண்டது. கம்பெனித் தகடுகளில் முதலில் வெட்டியது நான்காகப் பிரித்த இதயச் சின்னம். உள்ளே கம்பெனியின் முதலெழுத்துகள், மேலே நான்கு என்ற எண் போன்ற குறி. 1808 வாக்கில் அது போய், பின்னங்காலில் நிமிர்ந்து கிரீடம் பிடித்த சிங்கம் வந்தது. உங்கள் தகட்டில் இருப்பது சிங்கம். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. ஆக, இந்தத் துப்பாக்கி அவர்கள் காலத்துக்குப் பிறகு செய்தது.

குதிரையும் நிப்பிளும் இன்னும் பின்னால் வந்தவை. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் காப்புரிமையை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் வாங்கியது 1807இல். செம்புக் கேப்பு பரவியது 1820களில். பிரிட்டிஷ் படைக்கு அது வந்து சேர 1840 ஆகிவிட்டது. தகட்டில் அடைத்த துளைகள், முன்பு கல்லடிக்கும் எஃகுத் தகடும் அதன் வில்லும் மருந்துக் கிண்ணமும் பொருத்தியிருந்த இடங்கள். அதாவது, கல் துப்பாக்கியாகப் பிறந்து, பிறகு கேப்புத் துப்பாக்கியாக மாற்றப்பட்டது. இதே வாதத்தை யார் வீட்டுத் துப்பாக்கிக்கும் போடலாம்: நிப்பிள் இருந்து, தகட்டில் துளை எதுவும் அடைக்கப்படாமல் இருந்தால், அது கட்டபொம்மன் காலத்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மதிப்பு என்று வந்தால், மாற்றப்பட்டது மாற்றப்படாததைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும். ஆனால் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே மாற்றியது நேர்மையான மாற்றம். சேகரிப்பாளர்கள் அதை மதிப்பார்கள். ‘பழையபடி கல் பூட்டாக ஆக்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். புதுக் கிண்ணமும் புதுத் தகடும் பொருத்திய மறுநாளே அது பாதி விலைக்கும் தேறாத சரக்காகிவிடும். 2003இல் நேபாள அரண்மனை ஆயுதக் கிடங்கு ஒன்றிலிருந்து பல்லாயிரம் பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். அதில் இந்த வகையும் ஏராளம். அன்றிலிருந்து, ‘இந்தியா மாதிரி’ என்ற ஒரு தகுதி மட்டும் இருந்தால் வெளிச் சந்தையில் யாரும் வாய்பிளப்பதில்லை.

விலையைத் தூக்குவது எது? அடிக்கட்டையிலும் பித்தளைத் தகட்டிலும் வெட்டிய படைப்பிரிவு எண், ஜமீன் முத்திரை, 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ வாங்கிய உரிமத் தாள், பழைய வரவுசெலவுக் கணக்கில் அது பற்றிய ஒரு வரி. உங்கள் வீட்டில் துப்பாக்கியைவிட அந்தத் தாளைத் தேடுவது லாபம். உள்ளூர் விலை எப்போதும் குறைவாகவே இருக்கும். உரிமம் உள்ளவருக்கு மட்டும்தான் விற்க முடியும் என்பதால் வாங்குகிறவர்கள் சொற்பம். ஒப்பிட்டுப் பார்க்க ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் வைத்திருக்கும் ஆயுதங்களை ஒரு நடை பார்த்து வாருங்கள்.

போலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘டவர்’ என்ற எழுத்தும் கிரீடமும் 1857 என்ற ஆண்டும் போட்ட தகடுகள் சுற்றுலாச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. அந்த ஆண்டுக்கு இருக்கும் மவுசு அப்படி. உண்மைத் தகட்டில் எழுத்து வெட்டிய பிறகு துரு ஏறியிருக்கும், எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் குழிக்குழியாக இருக்கும். போலியில் துருக் குழிகளுக்கு மேலே எழுத்து பளிச்சென்று ஓடும். தகட்டின் உட்பக்கத்தில் வார்ப்பு மடிப்புக் கோடு தெரிந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

நத்தம்: குழலின் அடியில் ஒரு நீள்வட்டம், அதற்குள் இ, எல், ஜி என்று ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் 16. எந்த நாடு?

பெல்ஜியம், லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை (குழல் தாங்குமா என்று வெடித்துப் பார்த்த பிறகு குத்துவது). நீள்வட்டத்துக்கு மேலே கிரீடம் இருந்தால் 1893க்குப் பிறகு, இல்லையென்றால் அதற்கு முன். 16 என்பது போர் அளவாக இருக்கும்: ஒரு பவுண்டு ஈயத்தில் அந்த வாய்க்குச் சரியாகப் பதினாறு உருண்டை வார்க்கலாம் என்று கணக்கு. வெர்னியர் அளவுகோலில் 16.8 மி.மீ. வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 என்றால் 18.5, 20 என்றால் 15.6. கிரீடத்தின் கீழ் இரண்டு செங்கோல் குறுக்காக இருந்தால் பர்மிங்காம். அந்தச் சோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது. எந்த முத்திரையுமே இல்லாத குழலைச் சுவரோடு வைத்துக்கொள்ளுங்கள், மருந்து கெட்டிக்க வேண்டாம்.

செல்லூர்: பித்தளை வேலைப்பாடு மங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் விளக்கு மாதிரி ஆகிவிடும் என்கிறாள் என் மனைவி. செய்யலாமா?

வீட்டம்மாவிடம் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், உப்புத்தாள் எல்லாமே அந்த மங்கலை எடுத்துவிடும். வாங்குகிறவர் பணம் கொடுப்பதே அந்த மங்கலுக்குத்தான். இரும்பில் சிவப்புத் துரு பொடியாக உதிர்ந்தால் மட்டும் தையல் மிஷின் எண்ணெயை ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். பழுப்பாக இறுகியிருப்பதை விட்டுவிடலாம். தேங்காய் எண்ணெய் கூடாது, நாள்பட்டால் பிசினாகிப் பூட்டின் உள்ளே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம். தேன்மெழுகை மெல்லிசாகத் தேய்த்தால் போதும். கட்டையில் குண்டூசித் துளையும் அதன் கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மண் சுவரில் சாத்தாதீர்கள். கரையானுக்கு நீங்களே பந்தி வைத்த மாதிரி.

வாடிப்பட்டி: என்னுடையது உரிமம் உள்ள இரட்டைக்குழல், 12 போர், கேப்புத் துப்பாக்கி. கெட்டிப்பது கண்ணளவுதான். சில சமயம் கேப்பு மட்டும் வெடிக்கிறது, மருந்து பிடிப்பதில்லை. ரவையும் நடுவில் விழாமல் வட்டமாகச் சிதறுகிறது. சரியான அளவும் முறையும் சொல்லுங்கள்.

மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. அளவிலிருந்து ஆரம்பிப்போம். குழலை உரிமம் பெற்றவரிடம் காட்டி, உள்ளே ஆழக் குழி இல்லை, சுவர் மெலியவில்லை, அடித்திருகு உறுதி என்று தெரிந்த பிறகு கீழே உள்ளதைப் படியுங்கள். குழலில் நெளிநெளியான கோலம் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்தது. அதன் மடிப்புக்குள் துரு வெளியே தெரியாமல் ஓடும், அதனால் இரட்டிப்புக் கவனம்.

12 போருக்குக் கருமருந்து இரண்டரை டிராம், அதாவது 4.4 கிராம். ரவை 28 கிராம். இதில் தொடங்குங்கள். மேல் எல்லை மருந்து 4.9 கிராம், ரவை 32 கிராம். அதைத் தாண்டக் காரணமே இல்லை. மருந்துத் துகளின் பருமன் ‘இரட்டை எஃப்’ (FF). எப்போதும் அளவுக் குப்பியில் எடுத்து ஊற்றுங்கள். மருந்துக் குடுவையை நேரே குழல் வாயில் கவிழ்த்தால், உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தாலும் கையில் இருக்கும் குடுவை முழுவதும் வெடிக்கும்.

முறை இது. குழல் காலி என்று கம்பி விட்டுப் பாருங்கள். எண்ணெய் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். பிறகு மருந்து இல்லாமல் ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு கேப்பு வெடியுங்கள், குழல் வாயைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த வேப்பிலைக்கு அருகில் வைத்து. இலை துள்ளினால் வழி திறந்திருக்கிறது. துள்ளாவிட்டால் நிப்பிளில் எண்ணெயோ கசடோ அடைத்திருக்கிறது. உங்கள் ‘கேப்பு மட்டும் வெடிக்கிறது’ என்ற குறையில் பெரும்பாலும் இதுதான் கதை. ஊசிக் கம்பியால் குத்தி, துடைத்து, இன்னொரு கேப்பு போட்டுப் பாருங்கள்.

அப்புறம் கேப்பைக் கழற்றி, குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தி, மருந்தை ஊற்றுங்கள். அதன் மேல் 3 மி.மீ. கெட்டி அட்டைத் தக்கை. இதுதான் வாயுவைத் தடுக்கும். அடுத்து கொழுப்பு தடவிய அரை அங்குலக் கம்பளித் தக்கை. இது குழலில் படியும் கசடை மெத்தென்று வைத்திருக்கும். பிறகு ரவை. மேலே ஒரு மி.மீ. மெல்லிய அட்டை, ரவை உருளாமல் இருக்க. ஒவ்வொன்றையும் கம்பியால் இறக்கி, அடியில் உட்கார்ந்ததை உணர வேண்டும். இடித்துத் தூளாக்க வேண்டாம், இறுக்கினால் போதும். கேப்பு எப்போதும் கடைசி.

கம்பியில் இரண்டு கோடு வெட்டி வையுங்கள்: காலிக் குழலுக்கு ஒன்று, முழுதாகக் கெட்டித்த குழலுக்கு ஒன்று. இரட்டைக்குழலில் அடிக்கடி நடக்கும் விபத்து, ஒரே குழலில் இரண்டு முறை கெட்டித்து மற்றதைக் காலியாக விடுவது. கம்பி இரண்டாவது கோட்டுக்கு மேலே நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். மருந்துக்கும் தக்கைக்கும் இடையில் வெற்றிடம் இருந்தாலும் ஆபத்துதான். அந்த இடத்தில் குழல் வீங்கும், அல்லது கிழியும்.

ஒரு குழலைச் சுட்டுவிட்டு அதை மட்டும் மறுபடி கெட்டிக்கும்போது, கெட்டித்திருக்கும் இன்னொரு குழலின் கேப்பை முதலில் எடுங்கள். முகம் அதற்கு மேல்தான் வரப்போகிறது. முதல் குழலின் உதையில் இரண்டாவது குழலின் ரவை முன்னே நகர்ந்திருக்கும். கேப்பு இல்லாதபோது கம்பியால் மறுபடி இறக்கி வையுங்கள். சுட்ட குழலுக்கு ஈரத் துணியை ஒரு தடவை விட்டெடுத்து, ஓரிரு நிமிடம் பொறுத்து மருந்து போடுங்கள். கேப்பு வெடித்து மருந்து பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது வாயை வெட்டவெளிப் பக்கமே பிடித்து நில்லுங்கள். தாமதமாகப் பிடிப்பது உண்டு.

வட்டமாகச் சிதறுவது மருந்து அதிகம் என்பதன் அடையாளம். தக்கை ரவையைப் பின்னாலிருந்து முட்டி நடுவைக் காலி செய்துவிடும். மருந்தும் ரவையும் ஒரே அளவுக் குப்பியில் ஒரே கொள்ளளவு என்பது பழைய விதி. அதிலிருந்து மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பெரிய தாளை 25 அடியில் கட்டிச் சோதித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தக்கைக்குப் பதில் தேங்காய் நார் திணிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புகைந்துகொண்டே போய் விழுந்து வைக்கோல் படப்பில் தீ வைக்கும்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும். எரிந்த மருந்தின் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் குழல் சிவந்துவிடும். குதிரையைப் பாதியில் வைத்து, முன்கட்டையின் ஆப்பைத் தள்ளிக் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்துத் துணி சுற்றிய கம்பியால் ஏற்றி இறக்குங்கள். கொஞ்சம் சோப்பு போதும். தண்ணீர் தெளிந்த பிறகு காயவைத்து மெல்லிய எண்ணெய். மறுநாள் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பானால் மறுபடி கழுவல்.

துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வனத்துறையும் இருக்கின்றன. முதலில் அங்கே கேளுங்கள்.

திருமங்கலம்: கருமருந்து கிடைக்காவிட்டால் சிவகாசிப் பட்டாசைப் பிரித்துப் போடலாமா? புதுத் தோட்டாவில் இருக்கும் மருந்து?

இரண்டும் கையை வாங்கிவிடும். பட்டாசுக் கலவைகள் ஓசைக்காகச் செய்தவை. கம்பியால் இறுக்கும்போதே பற்றக்கூடியவை அதில் உண்டு. புதுத் தோட்டாவின் புகையில்லா மருந்து கருமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும். பழைய குழல் தாங்காது. உரிமத்தில் அனுமதித்த அளவுக்கு, உரிமம் பெற்ற கடையில் கருமருந்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் சுடாமல் இருங்கள்.

தே.கல்லுப்பட்டி: சுடும்போது குதிரை தானாகப் பின்னால் எகிறுகிறது. பூட்டின் வில்லும் உடைந்துவிட்டது. உரிமம் இருக்கிறது. உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? இணையத்தில் அமெரிக்கக் கடைகள் காட்டுகின்றனவே?

குதிரை எகிறுவது நிப்பிள் தேய்ந்ததால். புது நிப்பிளின் அடித்துளை ஏறக்குறைய 0.7 மி.மீ. தீப்பட்டுத் தேய்ந்து 1 மி.மீ.யைத் தொட்டால் வாயு பின்னால் பீறிட்டுக் குதிரையைத் தூக்கும், கேப்புத் துண்டுகள் முகத்தில் அடிக்கும். மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது மரையைத்தான் பார்க்க வேண்டும். இன்றைய ஐரோப்பிய நிப்பிள்கள் 6 மி.மீ., மரை இடைவெளி 0.75 அல்லது 1. அமெரிக்கச் சந்தையில் பரவலாக இருப்பது கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. பழைய துப்பாக்கியில் இரண்டும் இல்லாமல் கையால் வெட்டிய மரையாகக்கூட இருக்கலாம். 6 மி.மீ. நிப்பிள் கால் அங்குலத் துளையில் சும்மா சுற்றி உள்ளே போய்விடும், பொருந்திவிட்டது போலத் தெரியும். முதல் வெடிக்கே பறந்து வரும். பழைய நிப்பிளையும் மரை அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் திருகக் கூடாது. கழற்றும்போது வராவிட்டால் துரு இளக்கும் எண்ணெயில் நாலைந்து நாள் ஊறட்டும். பைப் ரெஞ்சு போட்டுத் தலையை வழித்துவிட்டால் வேலை பத்து மடங்காகும்.

வில்லுக்குச் சந்தை இல்லை, ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாக அடிக்க வேண்டும். உடைந்த இரண்டு துண்டையும் தொலைக்காமல் கொடுங்கள். அளவும் வளைவும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். பதம் மிஞ்சினால் மறுபடி உடையும், குறைந்தால் மடங்கியே நின்றுவிடும். அதனால் பட்டறையில் கத்தி அரிவாள் அடிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம். அது சட்டப்படியும் தப்பு. துப்பாக்கியைப் பழுது பார்க்க 5ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும். பூட்டைக் கழற்றுவதென்றால் குதிரையைப் பாதியில் வைத்து, பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாக அல்லாமல் மாறிமாறித் தளர்த்தி, திருகின் தலையில் லேசாகத் தட்டினால் தகடு எழும்பும். நெம்பினால் கட்டை சிம்பு எடுக்கும். திருகுகள் கையால் வெட்டியவை, ஒன்று இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. அட்டையில் துளை போட்டு இடம் எழுதிக் குத்தி வையுங்கள். கழற்றிய பூட்டின் குதிரையை வெறுமனே தட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பாகம் உடையும்.

டிக்ஸி கன் ஒர்க்ஸ், ரைஃபிள் ஷாப் போன்ற அமெரிக்கக் கடைகளில் பழைய பூட்டுகளின் வார்ப்புப் பாகங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் நம் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும், வழக்கும் வரும். உள்ளூரில் உரிமம் பெற்ற கடை வழியாகவே கேளுங்கள். பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றித் துப்பாக்கியோடு வைத்திருங்கள். விற்கும் நாளில் அதற்கும் மதிப்பு உண்டு.

மதுரை, மாசி வீதி: வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் பழைய திரித் துப்பாக்கிக்கு (எரியும் திரியால் மருந்தைப் பற்றவைப்பது) நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க முடியாது. 100 வருசத்துக்குக் குறையாத கலைப்பொருளை 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அவர் ‘நானே எடுத்துப் போகிறேன்’ என்றாலும் சிக்குவதில் நீங்களும் சேர்த்தி. அது திரித் துப்பாக்கிதானா என்பதை மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்: விசையை அழுத்தினால் திரி பிடிக்கும் கொக்கி கிண்ணத்தை நோக்கிச் சாய வேண்டும், கல்லைக் கவ்வும் தாடை இருந்தால் அது வேறு வகை. விற்கத்தான் வேண்டும் என்றால் உள்நாட்டில், உரிமத் தாள்களோடு, அருங்காட்சியகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.